பெட்ஷீட்டுக்குப் பின்னால் நாலு வயலின்

குஷாய்குடா,
12 டிசம்பர் 1986

கர்த்தருக்குள் பிரியமான தியோடர் மச்சான் அவர்களுக்கு,

எபனேசர் எழுதுவது. பாளையங்கோட்டையில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. தங்கள் தங்கை ஜெயசுந்தரி கோபித்துக்கொண்டு மாரெட்பள்ளியில் தன் தங்கை ஞானசௌந்தரி வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு முழுக்க என்னுடையது.

என் சிந்தசைசர் பைத்தியம் தாங்கள் அறிந்ததே. வயலின் கோஷ்டி முழுவதையும் ஒரே பெட்டியில் அடைத்தமாதிரி ஒலிக்கும் அந்தப் பழைய கீபோர்டுகளில் மூன்றைச் சேர்த்துவிட்டேன். இத்தாலிக்காரன் ஓட்டல் பேண்டு கலைந்தபோது கிடைத்தது, டச்சுக்காரன் பம்பாயிலிருந்து ரயிலில் வந்தது, ஜப்பான்காரனைச் செத்த நிலையில் வாங்கி நானே பிழைக்கவைத்தேன். ஹால் நிறைந்துபோய் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அதற்குக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை மச்சான், எது அசல் வயலினுக்குக் கிட்டே வருகிறது என்று பார்க்கிற ஆசையில்தான் நான் கெட்டேன். எங்கள் தொழிற்சாலையில் எதையும் பெயரை மறைத்துத்தான் சோதிப்போம். அந்தப் புத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹாலுக்குக் குறுக்கே பெட்ஷீட் கட்டி, அதன் பின்னால், என்னோடு வேலை பார்க்கும் நடேசனை மூன்று பெட்டிகளோடும், ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கிற ஜெயசுந்தரியை அவள் வயலினோடும் நிறுத்தினேன். ஒரே கீர்த்தனை, நாலு தடவை, எந்த வரிசையிலும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க் போடுவேன்.

ரெண்டாவதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தேன். "ஆஹா, இதுதான் என் ஜெயசுந்தரி! இந்தக் குழைவு எந்த மெஷினுக்கு வரும்?" அதோடு விட்டேனா? நாலாவதுக்கு, "சீ, தகர டப்பா! பழைய இரும்புக் கடைக்குப் போடு நடேசா" என்றேன். பெட்ஷீட் விலகியது. அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். நடேசன் தரையைப் பார்த்தபடி, "ரெண்டாவது இத்தாலி, சார்" என்றான். நாலாவது எது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் அப்படியே ஆட்டோ ஏறிவிட்டாள்.

அவள் வாசிப்பைப் போய்த் தகர டப்பா என்றுவிட்டேனே மச்சான், நினைத்தால் சோறு இறங்கவில்லை. மகள் லோயிஸைத் தூது போகச் சொன்னால், "நக்கோ டாடி, நான் போகமாட்டேன், நீங்களே பேசுங்க" என்கிறாள். நான் போனால் ஞானசௌந்தரி காபி கொடுக்கிறாள், இவள் அறையை விட்டு வருவதில்லை. பெட்டிகளை விற்றுவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்குள் அவள் வீடு திரும்பவேண்டும். தாங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பாள்.

மதினிக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தங்கள் வருத்தமுள்ள மைத்துனன்,
எபனேசர்

பி.கு.: கவரை ஒட்டப்போகையில் ஜெயசுந்தரி ஸ்வெட்டர் எடுக்க வந்தாள். வாசலிலேயே கையைப் பிடித்து, "தகர டப்பான்னு சொன்னதை மன்னிச்சிடு" என்றேன்.

"அது நான் இல்லைங்க, உங்க ஜப்பான். ஆரம்பிக்கும்போதே எனக்குத் தந்தி அறுந்துபோச்சு. உங்களுக்குத் தெரியுதான்னு பார்ப்போம்னு பேசாம நின்னேன். ஒரு பெட்டியை ரெண்டு தடவை போட்டு, நாலையும் நடேசன்தான் வாசிச்சார். இத்தனை வருஷம் கேட்டிருக்கீங்க, நான் வாசிக்கலைன்னுகூடத் தெரியலையே" என்றாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பெல்லாம் வேறு குற்றத்துக்கு. அந்த வரிகளை அடித்துவிடவும். தாங்கள் எழுதவும் வேண்டாம். புதுத் தந்தி மாட்டி இப்போது ஹாலில் வாசிக்கிறாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து கேட்கிறேன். ரெண்டாவது மாதிரி இல்லவே இல்லை, மச்சான்.