காந்தக்கையார் காலைத் தூக்கினார்

காந்தக்கையார் வந்துவிட்டார்! உள்ளங்கையை வயிற்றில் வைப்பார். உடம்பிலுள்ள சர்க்கரையெல்லாம் ஓடிவந்து கையில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை எப்போது இரும்பானது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப் போனால் வரிசையில் பிடித்த இடம் போய்விடுமே!

வாடகை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் அவரைப் பற்றிய பக்கத்தை அப்படியே அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘காந்தக்கையார் கை வைத்தால் நீரிழிவு நீங்கும் என்பது நிரூபிக்கப்பட்டுள்ளது.’ ஓரத்தில் பொடி எழுத்தில் அடிக்குறிப்பு எண் மூன்று. எண் போட்டுவிட்டால் விஞ்ஞானம்தானே!

என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டாக வேண்டும். ஒருமுறை விட்டுவிட்டு மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். அன்று காலை ஊசியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நானும் அண்ணியும் கூடவே வந்து வரிசையில் நின்றோம்.

“ஏங்க, டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோச்சா?” என்றார் அண்ணி.

“டாக்டர் ஒரே ஒருத்தர். இது எத்தன பேர் சேந்து எழுதறது! அத்தன பேருமா பொய் சொல்வாங்க?”

“எத்தன பேர்னு பாத்தீங்களா?”

“அத எதுக்குப் பாக்கணும்? போட்டிருக்குல்ல?”

அண்ணிக்குத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கூட்டத்தைக் கண்டு மலைக்கிறவர் அல்ல. கைபேசியை எடுத்து எதையோ தட்டினார்.

எங்கள் முறை வந்தது. காந்தக்கையார் கையை நீட்டினார்.

“ஒரு நிமிஷம் ஐயா,” என்று அண்ணி குரலை உயர்த்தினார். “நெட்டுல உங்களப் பத்தின பக்கத்துல இன்னொரு வரியும் இருக்கே! ‘ஒற்றைக் காலில் நிற்கும்போது மட்டுமே இவர் கைக்குச் சக்தி உண்டு.’ நீங்க ரெண்டு கால்லயும் நிக்கறீங்களே?”

மண்டபம் முழுக்கக் கைபேசிகள் மின்னின.

“ஆமா, போட்டிருக்கு!”

“அதான் எனக்குப் போன தடவ கொறயலயா?”

“ஐயா, கால தூக்குங்க!”

காந்தக்கையார் பதாகையைப் பார்த்தார்; கூட்டத்தைப் பார்த்தார். அந்த இணையப் பக்கம் பொய் என்றால் பிழைப்பே போச்சு. காலைத் தூக்கினார்.

ஒரே கைதட்டல்! மனிதர் தொப்பையோடு அந்தப் பக்கம் சாய்ந்தார், இந்தப் பக்கம் சாய்ந்தார், உதவியாளன் தோளை எட்டிப் பிடித்தார்.

“ஐயா, எதையும் பிடிக்கக் கூடாதாம்!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். அந்த விதியை யாருமே எழுதவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டது.

காந்தக்கையார் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். “எவன்டா எழுதினான் இத? அதுல எந்தக் கழுத வேணாலும் என்ன வேணாலும் எழுதலாம்யா!”

மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நான்தான் எழுதினேன், இப்பத்தான்,” என்றார் அண்ணி. “சரி, நீரிழிவு நீங்கும்னு மேல இருக்கற வரிய எந்தக் கழுத எழுதிச்சு?”

உதவியாளன் தலையைத் தொங்கப்போட்டான். “ஐயா சொல்லித்தான்…”

அண்ணி மூன்றாம் அடிக்குறிப்பை அழுத்திக் காட்டினார். காந்தக்கையாரின் சொந்த இணையதளம் திறந்தது. அங்கே, ‘ஆதாரம்: இணையக் கலைக்களஞ்சியம்’. இவர் அதைக் காட்டுகிறார், அது இவரைக் காட்டுகிறது!

இரண்டு வரிகளையும் அண்ணி அங்கேயே அழித்தார். “பொறுப்பா எழுதறவங்களும் இதுல நெறய இருக்காங்க. எங்கேருந்து எடுத்தாங்கன்னு நாம பாக்கத்தான் அந்த நம்பரே போடறாங்க.”

அண்ணன் மெதுவாகக் கேட்டார். “ஊசி கொண்டாந்தியா?”

“பைலதான் இருக்கு. வாங்க முதல்ல.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் செருப்பைத் தேடும்போது பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அடுத்த வாரம் வேற ஒருத்தர் வர்றாராம். அவரப் பத்தி ரெண்டு பக்கம் இருக்காம்!”

பக்கங்களை எண்ணத் தெரிந்த பெரியோர்களே! ஆதாரத்தை அழுத்திப் பார்க்க ஒரு விரல் போதும். மீதி வேலைக்குத்தான் கழுத்துக்கு மேலே ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். அதையும் எப்போதாவது திறந்து பாருங்கள்.