திருட்டுக் கும்பலும் ரைட்டர் மாமாவும்

நான் ஒரு காலத்தில் திருட்டுக் கும்பல் நடத்தியிருக்கிறேன். பதினெட்டு வயதில், கோடு போட்ட நோட்டில். சேர்வராயன் மலைக்கு அடியில் ஒரு பாதாள உலகம். அதில் மந்திரம் தெரிந்த திருடர்கள். அவர்களுக்கு ராணி என் வயதுப் பெண். (மூக்கும் என் மூக்குதான். என்ன, அவளுக்குக் கொஞ்சம் எடுப்பாக வைத்திருந்தேன்.)

அட்டையில் என் பெயரைப் போடவில்லை. அம்மா பார்த்தால் நாவலோடு என்னையும் அடுப்பில் வைத்துவிடுவாள். 'எழுதியவர்' என்று போடுவது சப்பென்று இருந்ததால், ஸ்டைலாக 'ரைட்டர்' என்று மட்டும் எழுதினேன். புத்தகம் மாதிரி இருக்கட்டுமென்று உள்ளே எல்லாம், யார் கையெழுத்தென்றே தெரியாதபடி, அச்செழுத்து மாதிரி எழுதியிருந்தேன். நாங்கள் குடியிருந்த காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் வேலைக்கு வரும் ஆட்களின் பேரைப் பதிகிறவர் என்பது இந்த மேதைக்கு உறைக்கவே இல்லை.

டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து வரும்போது நோட்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். கண்டக்டர் அட்டையைப் பார்த்து, பொறுப்பாக எஸ்டேட் ஆபீசில் கொடுத்துவிட்டார். மேனேஜர் துரை முதல் பக்கத்தைத் திறந்திருக்கிறார். 'காப்பிக்கொட்டை மூட்டையெல்லாம் குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். வாட்ச்மேனை நான் பார்த்துக்கொள்கிறேன்.' அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. மந்திரமெல்லாம் மூன்றாம் பக்கத்தில்தான் ஆரம்பம். குடோனில் நிஜமாகவே மூட்டைகள் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம் வேறு.

மறுநாள் காலை அம்மா மூச்சிரைக்க வந்தாள். "பக்கத்து ஊட்டு ரைட்டர் மாமாவ வேலைய வுட்டு நிறுத்தப் போறாங்களாமா! திருடறதுக்கு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருந்தாராமா!"

மாமா எறும்பைக் கண்டாலே ஒதுங்கி நடப்பவர். மூன்று பிள்ளைகள். ஒரே ஓட்டமாக ஓடினேன்.

ஆபீசில் மாமா கைகட்டி நின்றிருந்தார்.

"அது என்னோட நாவலுங்க" என்றேன்.

துரை நம்பவில்லை. "அப்படியா? வாட்ச்மேனை என்ன பண்றதா எழுதியிருக்கே? நோட்டைப் பாக்காம சொல்லு."

"பலாப்பழமா மாத்திடுவேனுங்க."

வாசலில் நின்ற வாட்ச்மேன் தங்கராசு பதறினார். "ஏனுங்க, என்னையவா?"

"அப்புறம்?" என்றார் துரை.

"ராணி கிளியூர் அருவியில உருட்டி வுட்டுருவாளுங்க."

துரை பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பலாப்பழம் இருந்தது. அருவியும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை; பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிருங்க மாமா."

"அழுவாத சாமி. நொம்ப நல்லா எழுதியிருக்கற. தொரை அந்த மொதப் பக்கத்தப் படிச்சுக் காட்டக் காட்ட, நாந்தான் எழுதிட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

அதுவரை கண்ணு, சாமி என்றவர், அன்று முதல் என்னை "ஏனுங்க ரைட்டர்" என்றுதான் கூப்பிட்டார். என் கல்யாணப் பந்தியிலும் அப்படியே கூப்பிட, என் கணவர் அந்தப் பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பேரன் பேத்தி வந்தாயிற்று. இன்றைக்கும் சாப்பாட்டு மேஜையிலிருந்து அவர் குரல் வருகிறது: "ஏனுங்க ரைட்டர், சாம்பார்ல உப்பக் காணமுங்களே, ஆரு திருடுனது?"