மந்திரிக்குக் கிடைக்காத கையெழுத்து

மாமல்லபுரம்,
31-1-1976

மதுராந்தகம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் அன்பு மச்சான் கங்காதரனுக்கு, துணை மந்திரி தேசப்பன் (உன் தங்கச்சி புருஷன்தான், பயப்படாதே) எழுதிக்கொண்டது. நானும் உன் தங்கச்சி பாப்பாவும் மகள் கன்னியம்மாவும் சுகம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

விஷயம் என்னவென்றால், கன்னியம்மா செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட வேண்டும். ஐந்தாம் தேதி கடைசி நாள், விட்டால் வயசு தாண்டிவிடும். இருளர் என்று தாசில்தார் சான்று வேண்டும். மந்திரி மகளுக்கு இதென்ன பிரமாதம் என்று நேற்று குடும்பத்தோடு காரில் போய் இறங்கினேன். எந்த ஊர் ஆபீஸ் என்று எழுதமாட்டேன், மந்திரி அப்படியெல்லாம் எழுதக்கூடாதாம். தாசில்தார் நரசிம்மன் எழுந்து நின்று மாலை போட்டார், காபி கொடுத்தார், கையெழுத்து மட்டும் போடவில்லை. "ஐயா கார்ல வர்றீங்க, ஷூ போட்டிருக்கீங்க. இருளர்னு எழுதினா மேலிடத்துல என்னை இல்ல கேப்பாங்க" என்றார். மற்றவர்களுக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டது என் கெட்ட நேரம். "ஒரு பாம்பு புடிச்சிக் காட்டச் சொல்லுவோங்க" என்றார்.

மச்சான், உனக்குத் தெரியாததா. பத்து வயசிலிருந்து சவுக்குத் தோப்பில் கோடாலி பிடித்தவன் நான், பாம்பென்றால் எனக்குக் கைகால் உதறும். சட்டசபையில் எதிர்க்கட்சிக்கே பயப்படாதவன், இதற்கென்றே ஆபீசில் வைத்திருக்கும் பாம்புப் பானையைச் சேவகன் கொண்டுவந்து வைத்ததும் நாற்காலி மேல் ஏறிவிட்டேன், என்னைப் பார்த்துத் தாசில்தார் மேசை மேல் ஏற, தலைமை குமாஸ்தா பீரோ மேல் ஏற, பானை உருண்டு உள்ளேயிருந்தது பட்டா ஃபைலுக்குள் புகுந்துவிட்டது. சத்தம் கேட்டுக் காரிலிருந்து பாப்பா வந்தாள். "இன்னாய்யா, மந்திரியா இருந்துகினு நாற்காலி மேல ஏறிகினு கீற? எறங்கு. சாரைப்பாம்பு, அதுவே பயந்துகினு கீது" என்று வாலைப் பிடித்துத் தூக்கிப் பானைக்குள் விட்டு மூடினாள். ஆபீசே கைதட்டியது. தாசில்தார் மேசையிலிருந்து இறங்காமலே, "அம்மா இருளர்தான், சந்தேகமே இல்ல. ஆனா பொண்ணுக்கு அப்பா வழியிலதானே எழுதணும். ஐயா நாற்காலி மேல நிக்கிறாரே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளை ராமநாதபுரத்துக்கு மாற்றச் சொல்லிக் காகிதம் தயார் பண்ணிவிட்டேன். திங்கட்கிழமை அனுப்புகிறேன். துணை மந்திரி என்றால் சும்மாவா? கன்னியம்மா நேற்றிலிருந்து சாப்பிடாமல் அழுகிறாள். அப்பன் மந்திரியாக இருக்கும்போது உனக்கென்னடி கவலை என்று சொல்லியிருக்கிறேன்.

மாசி மகத்துக்குத் தவறாமல் கடற்கரைக்கு வந்து சேரவும். கன்னியம்மன் உன் இடுப்பையும் என் பதவியையும் உறுதியாக வைக்கட்டும். பிள்ளைகளுக்கு மந்திரி மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
தேசப்பன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மந்திரிசபையைக் கலைத்துவிட்டார்கள், ரேடியோவில் சொன்னார்கள். டிரைவர் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஷூவும் இல்லாமல், கன்னியம்மாவோடு பஸ்ஸில் போய் வரிசையில் நின்றேன். தாசில்தார் தலை நிமிரவில்லை. "இன்னாப்பா, எந்த ஜனம்?" என்றார். இருளருங்க என்றேன். நிமிர்ந்து என் காலிலிருந்து தலை வரை ஒருதரம் பார்த்தார், பாம்பு கீம்பு எதுவும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, "அடுத்த ஆளு" என்றார். மூன்று நாள் முன்பு மாலை போட்ட மனுஷனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை, மச்சான். வாசலுக்கு வந்து அப்பனும் மகளும் சிரித்த சிரிப்பில் கூட்டம் கூடிவிட்டது.