ஓலா என்றால் ஓலை அல்ல

அமெரிக்கா தன் பிடியிலிருந்த கால்வாய்ப் பகுதியைப் பனாமா நாட்டிடம் கையளித்தது 1979 ஒக்டோபர் முதலாம் திகதி. எண்பதில் என்று சாதிக்கும் நண்பர்கள் திருத்திக்கொள்ளவும். பனாமாக்காரர்களை விடவும் அதற்காக மகிழ்ந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கல்முனையில், எங்கள் பக்கத்து வீட்டில், ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஸ்பீக்கர் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

"செய்தி கேட்டயா தம்பி? நம்மட வழி திறந்திட்டு!" என்று வேலிக்கு மேலால் எட்டிக் கத்தினார்.

"கால்வாய் 1914இலயே திறந்தாச்சே காக்கா" என்றேன்.

"நீ வருஷத்தைப் பிடிச்சிக்கிட்டே நில்லு. நாங்க போய்ட்டு வாறம்" என்றார்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். திட்டமே இரண்டு பேருக்கானது. அந்த வருடம் நோன்புக்கு முன்னர் அறுகம்பேயில் ஒரு விடுதிக்கு ஒலிபெருக்கி கட்டப் போனவரிடம், அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் பனாமாவின் மேப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் மூலையில் ஓர் ஆணும் பெண்ணும் தென்னைக்குக் கீழே நிற்கும் படம். காக்கா அதை அம்பிளிபயர் பெட்டியில் ஒட்டினார். மறுநாளிலிருந்து அந்த நாட்டின் நிர்வாகம் எங்கள் தெருவுக்கு மாறியது.

"ரெண்டு பக்கமும் கடல் தம்பி. காலம்பொற ஒரு கடல்ல குளிச்சா, பின்னேரம் அசருக்கு மத்தக் கடல்ல கால் நனைக்கலாம்."

"எப்பிடிப் போற?"

"கொழும்பில கப்பல் ஏறினாச் சரி. மத்ததெல்லாம் சின்ன வேலை."

எந்தக் கப்பல் என்று தெரியாது. பாஸ்போட் இருவருக்கும் கிடையாது. அங்கே பேசும் மொழியில் ஒரு சொல் தெரியும். மற்றபடி பயணம் தயார்.

இரண்டாவது ஆள் அவருடைய மனைவி. அக்கா என்ற முறையில் ராத்தா என்றுதான் நாங்கள் அழைப்போம். ஊரிலுள்ள எல்லாக் கலியாணங்களுக்கும் காக்கா பெட்டிகளோடு போவார். ராத்தாவோடு எங்கும் போனதில்லை. கலியாணமான புதிதில் கண்டிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். போகவில்லை. அதை ஈடுசெய்யக் கொழும்பு என்றார். அதுவும் இல்லை. வாக்குத் தவறத் தவற ஊர் தூரமாகிக்கொண்டே போய்க் கடைசியில் பனாமாவில் நின்றது. இந்தக் கணக்கில் அடுத்தது சந்திரன்தான். இவ்வளவுக்குப் பிறகும் ராத்தா அதை நம்பினார். பெருநாளுக்கு எடுத்த சாரியை உடுக்காமல் "பயணத்துக்கு" என்று மடித்து வைத்திருந்தார்.

பனாமா மொழியில் காக்காவுக்குத் தெரிந்த அந்த ஒரு சொல் 'ஓலா'. வணக்கம் என்பது போல. மைக் சோதிக்கையில் எல்லோரும் 'ஹலோ' என்பார்கள். காக்கா 'ஓலா, ஓலா' என்று ஆரம்பித்தார். வினை அவருடைய ஒலிபெருக்கிக் குழாயில், ஹோர்னில் இருந்தது. எழுபத்தெட்டு நவம்பர் சூறாவளி அதைத் தூக்கிப்போய் வயலில் எறிந்திருந்தது. நெளிவைக் காக்காவே சுத்தியலால் எடுத்தார். அன்றிலிருந்து உள்ளே போகிற நெடில் வெளியே வருகையில் குறிலாகிவிடும். இல்லையேல் வேறோர் எழுத்தில் போய்க் குந்திக்கொள்ளும். சூறாவளி கூரைகளைக் கொண்டுபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. தென்னைகள் விழுந்து, கூரை வேய ஓலைக்கு ஊர் முழுக்கத் தட்டுப்பாடு. இரண்டாம் நாளே ஒருவர் வண்டி நிறைய ஓலையோடு வாசலில் வந்து நின்றார்.

"விடியத்தொட்டு ஓல, ஓல எண்டு கத்திறீங்க. எங்க இறக்கிற?"

"அது ஓலை இல்லடா, சலாம்!" என்றார் காக்கா.

"வ அலைக்கும் சலாம். எங்க இறக்கிற?"

புத்தியுள்ளவர் அத்தோடு அந்த ஹோர்னைக் கழற்றியிருப்பார். காக்கா அதை அடுத்த தெருக் கலியாண வீட்டில் கட்டினார். கால்வாய்ச் செய்தி வந்த அதே கிழமை. உற்சாகம் தாங்காமல், மாப்பிள்ளை வருமுன் மைக்கைப் பிடித்து அறிவித்தார்: "நானும் என் மனைவியும் விரைவில் பனாமா செல்கிறோம்!"

ஹோர்ன் தன் வேலையைச் செய்தது. ஊர் கேட்டது 'பாணம'. பொத்துவிலுக்கு அங்கால் உள்ள பாணமைக் கிராமத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.

அடுத்த நாள் ராத்தாவின் தங்கை முதல் ஆளாக வந்தார்.

"மச்சான், பாணமைக்குப் போறீங்களாமே? எருமைத் தயிர் ஒரு முட்டி கொண்டு வாங்க. பாணமைக்குப் போக என்னத்துக்கு இவ்வளவு நாளா மேப்புப் பார்த்த நீங்க?"

"அது பனாமா! அமெரிக்காப் பக்கம்!"

"ஓம் ஓம். தயிரை மறந்திராதீங்க."

மாலைக்குள் தயிர் கேட்டவர்கள் ஒரு தெருவுக்கு இருந்தார்கள். காக்கா கொதித்துப்போய், ஹோர்னை மாற்றித் திருத்த அறிவித்தல் கொடுக்கப் புறப்பட்டார். அப்போது ராத்தா வாசலுக்கு வந்தார். உரத்துக் கதைத்து நான் கேட்டிராத மனுசி.

"திருத்தப் போறீங்களா? திருத்தினா இந்தப் பயணமும் இல்லாமப் போகும். நானும் போறனெண்டு ஊருக்கே செல்லிப் போட்டீங்க. இனிப் போகாட்டி நான் எப்பிடி முகம் காட்டுற? பனாமாவுக்கு நீங்க ஆறுதலாப் போங்க. நாளைக்குப் பாணமைக்கு என்னைக் கூட்டிப் போங்க."

மறுநாள் காலை அந்தச் சாரியோடு ராத்தாவும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காக்காவும் பொத்துவில் பஸ்ஸில் ஏறினார்கள். மத்திய அமெரிக்க வரலாற்றில் இது பதிவாகவில்லை. திரும்பி வந்தபோது தயிர் முட்டிகள் காக்காவின் இரண்டு கைகளிலும் தொங்கின.

"எப்பிடிக் காக்கா பயணம்?" என்றேன்.

"என்ன பயணம்? கடல் ஒண்டுதான் கிடந்திச்சி."

உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "பொய் செல்லாதீங்க, ரெண்டு! காலம்பொற கடல், அசருக்குக் களப்பு, அதுவும் உப்புத் தண்ணிதான். ரெண்டுலயும் ஒண்டாத்தானே கால் நனைச்ச?"

காக்கா தயிர் முட்டிகளை ஒவ்வொரு வீடாகக் கொடுக்கக் கிளம்பினார்.

ஹோர்ன் பிறகு மாறியது. மேப்புக் கரைந்துபோனது. 'ஓலா, ஓலா' என்று மைக் சோதிப்பதை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. வீட்டில் அவர் அப்படிச் சொன்னதும் குசினி அடுப்படியிலிருந்து ராத்தா 'ஓலா' என்பார். இப்போதெல்லாம் கலியாண வீடுகளில் 'ஹலோ, ஹலோ' என்று யாராவது ஆரம்பித்தால், பிழையாகச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.