மாப்பிள்ளை காலும் என் தவிலும்

கல்யாண மண்டபத்தில் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத ஒரே ஆள் மாப்பிள்ளைதான். இது என்னைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? நான் முழுநேரத் தவில்காரன். மாப்பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே என் பிழைப்பு. அது போதாதென்று, கட்டாய தேசிய சேவையில் ராணுவ மெடிக்காக, அதாவது முதலுதவிக்காரனாக, வேறு இருந்தவன். (பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டியதும், லீவுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை முறைத்ததும்தான் என் போர் அனுபவம்.)

அன்று சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயில் மண்டபம். முகூர்த்தம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. அடுத்த கல்யாணக்காரர்கள் தட்டும் மாலையுமாக வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஐயர் தாலியை எடுத்து நீட்டினார். அவர் "கெட்டிமேளம்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. குச்சியை ஓங்கியபோதுதான் மாப்பிள்ளை தினேஷின் உதடு வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

மனுஷர் அப்படியே சரிந்தார். ஐயர் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், மாப்பிள்ளையை விட்டுவிட்டார்.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ராணுவம் எழுந்துவிட்டது. தவிலோடு மணவறைக்குப் பாய்ந்தேன். மூச்சு இருந்தது, நாடி மெல்ல ஓடியது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். கைக்கு எட்டியது தவில்தான். அதைத் தரையில் கிடத்தி, அவருடைய இரண்டு காலையும் மேலே தூக்கிப் போட்டேன்.

எங்கள் குழுவின் நாதஸ்வரக்காரர் முத்து அண்ணன் பதறிப்போனார். "டேய், வாத்தியத்து மேல காலாடா!"

"ரத்தம் தலைக்குப் போகணும்ணே!"

மாப்பிள்ளை கண் திறந்தார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மயங்கியவர் தெளிந்ததும் கேள்வி கேட்டு நினைவைச் சோதிக்க வேண்டும் என்பது பட்டாளத்துப் பாடம். தவிலில் மாட்டியிருந்த வயரில்லாத மைக் வேலை செய்துகொண்டிருந்ததை மறந்தே போனேன்.

"உங்க பேரு என்ன?"

"தினேஷ்."

"இந்தப் பொண்ணு யாரு?"

அவர் மணமகளைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார்.

"தெரியல."

ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"யாருய்யா உன்ன கேள்வி கேக்கச் சொன்னது? மேளம் அடிக்கத்தானே வந்த?"

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொட்டி முழக்கி நடத்திவைக்க வந்த கல்யாணத்தை ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டேனே என்று நிஜமாகவே பயந்தேன்.

மணமகள் கவிதாதான் குனிந்தார். யாரோ நீட்டிய மைலோ பாக்கெட்டை வாங்கி, ஸ்ட்ராவை மாப்பிள்ளை வாயில் திணித்தார்.

"முதல்ல குடி. இப்ப சொல்லு, நான் யாரு?"

அவர் உறிஞ்சினார். இன்னும் கொஞ்சம் உறிஞ்சினார்.

"தெம்பனிஸ்ல ஃபோர் ரூம் வீடு... அடுத்த மாசம் கீ கலெக்ட் பண்ணணும்ல... அதுக்கு என்கூட சைன் பண்ணவ."

"பேரு?"

"என் கவி, வேற யாரு லா!"

கவிதா அழுதுகொண்டே சிரித்தார். மாப்பிள்ளை எழப் பார்த்தார். கவிதா அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "எழுந்திருக்காத. திரும்ப விழுந்தீன்னா நேரம் போயிடும். படுத்துக்கிட்டே கட்டு."

கழுத்தை நீட்டிக் குனிந்தும்விட்டார். ஐயருக்கு வேறு வழியில்லை. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவிலை உருவினால் கால் கீழே இறங்கிவிடும். அப்படியே எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் பாதங்கள் இரண்டும் என் மூக்குக்கு நேரே குதிக்க, இரண்டு பக்கமும் வெளுத்து வாங்கினேன். தாலி ஏறியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கல்யாணத்திலும் வாசித்ததில்லை.

முத்து அண்ணன் தவிலுக்குப் பூசை போடவைத்த பிறகுதான் என்னோடு பேசினார். தினேஷ், கவிதா வீட்டில் மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் எந்தப் பரிகாரமும் என்னைக் காப்பாற்றவில்லை. கல்யாண வீடியோவை அவர்களுடைய மகள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். நான் தெம்பனிஸ் பக்கம் போனால் போதும், சோபாவில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் என் மடியில் போட்டு, "மாமா, அடிங்க!" என்கிறாள். அந்தக் குட்டிக் கால்களில் கெட்டிமேளம் வாசித்து முடிக்காமல் எனக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது.