பாங்கு பாய் மெதுவாகப் பேசிய சாயங்காலம்

மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாமல் ஐம்பது வயசு வரை காலம் தள்ளிய மனுஷர், தமிழ்நாட்டிலேயே எங்கள் பாலக்கரை பாங்கு பாய் ஒருத்தர்தான். இல்லை என்கிறவர்கள் என் வலது காதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஒடுக்கெடுத்து ஈயம் பூசுவது தொழில். முப்பது வருஷம் சுத்தியல் சத்தத்தில் உட்கார்ந்து காது முக்கால்வாசி போய்விட்டது. தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமே என்று கத்துவார். "வாங்க!" என்று உபசரித்தால் வந்தவர் மிரண்டு திரும்பிப் போவார்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தெருவில் ஒரு கௌரவப் பதவி இருந்தது. முஸ்லிம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் குளிப்பாட்டி, வலது காதில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கும், இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்கிற இகாமத்தும் சொல்வார்கள். உலகத்துக்கு வந்த ஜீவன் முதலில் கேட்பது ஆண்டவன் பேராக இருக்க வேண்டுமாம். அப்புறம் மென்ற பேரீச்சம்பழத்தைத் துளி நாக்கில் தடவுவார்கள். எல்லாவற்றுக்கும் பாய்தான். அவர் ஆரம்பித்தால், தொழுகை நேரம் வந்துவிட்டதென்று தெருவில் நாலு பேர் கைகால் கழுவ ஓடுவார்கள். பிள்ளை வீரிட்டு அழும். "பாத்தீங்களா, பதில் சொல்றான்!" என்பார். ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளை. எந்தப் பிள்ளைக்குச் சொன்னோம் என்று குழம்பிப்போய், ரெண்டுக்கும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். "விட்டுப் போகக் கூடாதுல்ல?"

ஒன்று விட்டுப் போயிருந்தது. என் பக்கத்து வீட்டு ஜமீலாவின் தலைப்பிள்ளை. புருஷன் பினாங்கில். வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. பாய் அன்றைக்கு மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு அண்டா கொடுக்கப் போயிருந்தார். ஓடி வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. "ஒரு வார்த்தைகூட காதுல விழாமப் போயிடுச்சே, மாமு" என்று அவள் அழுதது பாய்க்கு ஆறவே இல்லை.

அவளுடைய அடுத்த பிள்ளை ஏழாம் மாசத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் பஞ்சில் சுற்றிக் கிடந்தது. 'மாமுதான் சொல்லணும்' என்று ஜமீலா சொல்லியனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, சைக்கிளில் பாயைக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நர்ஸம்மா மறித்துவிட்டார்.

"இவரா? பிள்ளை அதிர்ந்துடுங்க. வேற யாரையாவது அனுப்புங்க."

"மெதுவாச் சொல்றேம்மா!" என்று பாய் சொன்னதில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"சாயங்காலம் வாங்க. மெதுவாப் பேசிக் காட்டினா விடறேன்."

கடைக்கு வந்ததும் பாய் என்னிடம், "வாத்தியாரே, காதைக் குடுங்க" என்றார். பாங்கை வைத்து ஒத்திகை பார்ப்பது மரியாதை இல்லை என்று பாத்திரங்களின் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அண்டா!"

எனக்குப் பொறி கலங்கிவிட்டது. "இன்னும் மெதுவா, பாய்."

"குண்டான்!"

"ஐயோ, ஆளை விடுங்க! நான் பெஞ்சாதி பிள்ளைக்காரன்."

"முடியாது. இந்தத் தடவை விட மாட்டேன்." மூஞ்சி செவசெவ என்றாகிவிட்டது. பக்கத்தில் கிடந்த அண்டாவைத் தடவினார். "ஒடுக்கைக் காதாலயா கண்டுபிடிக்கிறேன்? விரலால தடவித்தானே!" என்று தொண்டைக்குழியில் ரெண்டு விரலை வைத்தார். அதிர்ந்தால் சத்தம் ஜாஸ்தி, அதிராவிட்டால் சரி. பகல் பூராவும் தவலை, சொம்பு, கூஜா என்று என் காதிலேயே குடித்தனம் நடத்தினார். மூன்று மணிக்கு ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருத்தர் ஈயம் பூச அடுக்கு கொண்டுவந்தார். "நாளைக்கு வாங்க" என்றார் பாய். ஐயங்கார் பதறிவிட்டார். "என்ன பாய், தொண்டை கட்டிடுத்தா? மிளகு கஷாயம் சாப்பிடும்!"

பாய் என்னைப் பார்த்து, "எடுங்க சைக்கிளை!" என்று கூவினார்.

சாயங்காலம் நர்ஸம்மா சோதித்துப் பார்த்து உள்ளே விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். ஜமீலா பஞ்சுப் பொதியோடு பிள்ளையை ஏந்திக்கொண்டாள். பாய் தொண்டையில் விரலை வைத்துக் குனிந்தார். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலது காது, பிறகு இடது காது. பிள்ளை அழவில்லை, அதிரவில்லை. ஒரு தடவை மெல்ல வாயைத் திறந்து மூடியது.

நிமிர்ந்த பாயின் முகத்தில் பீதி.

"எனக்கே கேக்கலியேம்மா. முழுசாச் சொன்னேனா?"

"எனக்குக் கேட்டுச்சு, மாமு" என்றாள் ஜமீலா. "ஒரு வார்த்தை விடல."

வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார் பாருங்கள், அழுகையா அது! ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா வேகமாக வெளியே வந்தார். பாயைப் பார்த்ததும் வார்டுக் கதவை மெல்லச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

பிள்ளை தங்கிவிட்டது, ஆண்டவன் புண்ணியம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. வாங்க போகலாம் என்று நானும் அவரைக் கூப்பிடவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்த மனுஷர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கத்தட்டும் என்று இருந்தது.