உரக்கடை மாடியில் பல்கேரியா

பல்கேரியாவுக்குப் போக விமானமும் விசாவும் வேண்டும் என்பவர்கள் செஞ்சிக்கு வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த ஆட்டோக்காரரிடம் "பல்கேரியா" என்றாலும், மறுபேச்சில்லாமல் உரக்கடை வாசலில் கொண்டுபோய் விடுவார். அதன் மாடியில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லேடீஸ் டெய்லர்தான் பல்கேரியா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

நான் அங்கே வங்கியில் வேலை பார்த்த சமயம். கோட்டை ஏறி இறங்கிய ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் சட்டைக் கையை ஒரு குரங்கு இழுத்துக் கிழித்துவிட்டது. வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, கிழிந்ததை நம்மவரிடம் கொண்டுவந்தாள். வெள்ளைச் சட்டை, கழுத்திலும் கை நுனியிலும் கீழ் ஓரத்திலும் சிவப்பு நூல் வேலை. அதை உட்பக்கம் திருப்பிப் பார்த்தவர் அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

"உள்பக்கம் ஒரு முடிச்சு கண்ணுக்குத் தெரியல சார்! முப்பது வருசமா நான் இன்னாத்த தச்சிக்கினு இருந்தேன்?" என்று அன்று மாலை என்னிடம் புலம்பினார்.

செல்போன் மொழிபெயர்க்க, இருவரும் பேசினார்கள். அது அவள் அம்மா தைத்ததாம். திருஷ்டி உள்ளே நுழையும் வழி கழுத்தும் கையும் ஓரமும்தான் என்பதால் பல்கேரியாவில் அங்கெல்லாம் சிவப்பு நூலாம். இவர் உருகிப்போய், "இத எங்க ஜனங்க எல்லாரும் பாக்கணும்மா!" என்று செல்போனுக்குள் கத்தினார். பேச்சுக்குச் சொன்னதை அவள் நிஜமென்று எடுத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் பார்சல் வந்தது. அவள் அம்மாவின் கல்யாண உடுப்பு, முழுசாக! நீண்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கம்பளி கவுன், சிவப்பு ஏப்ரன். கூடவே ஒரு சீட்டு: எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பவும்.

அன்றைக்குப் பிடித்தது ஊருக்குச் சனி.

"டெய்லரே, நாளைக்கு எம்பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். ரவிக்க இன்னா ஆச்சி?" என்று சிங்கவரத்து அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள்.

"அது கெடக்குது. மொதல்ல இந்த எட்டு மொன நட்சத்திரத்தப் பாரும்மா. எழ எழயா எண்ணிப் போட்டிருக்காங்க."

அந்தப் பெண் பழைய ரவிக்கையோடுதான் மணையில் உட்கார்ந்தாள். பட்டன் வைக்க நான் கொடுத்த ஆபீஸ் சட்டை, பாக்கெட் நிறைய சிவப்பு நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, எந்தக் கட்சி என்று விசாரித்தார்.

மாடி ஏறி வருகிற கூட்டம் அவருக்குப் போதவில்லை. "அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஒலகமே வருது சார். அங்க காட்டணும்."

துணிக்கடைப் பொம்மை ஒன்றை இரவல் வாங்கி உடுப்பை மாட்டினார். நானும் லீவு போட்டேன். ஸ்பெஷல் பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் அது உட்கார்ந்து வந்தது. "அந்தம்மா எங்க எறங்குது?" என்று கேட்டார் கண்டக்டர்.

கோயிலுக்குப் போகும் வழியில் பொம்மையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் கழுத்தில் எலுமிச்சை மாலை, காலடியில் கற்பூரம், எதிரே நீண்ட வரிசை!

"ஐயோ, இது சாமி இல்லம்மா! பல்கேரியா!"

"பல்கேரியா அம்மனாம்டீ!" என்றது ஒரு குரல். வரிசை இரட்டிப்பானது.

முன்னால் நின்ற ஒரு பெண்மணி, "எம்பொண்ணு வயித்துல ஒரு புள்ளயக் குடு தாயே!" என்று அலறி, குழைத்த குங்குமத்தைக் கை நிறைய அள்ளி அப்பினாள். வெள்ளைச் சட்டையின் கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

மறுநாள் டெய்லர் அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு வீடியோ காலில் கறையைத் தூக்கிக் காட்டி, கைகூப்பி அழுதார். "உங்கம்மா கல்யாணத் துணிம்மா. பாழ் பண்ணிட்டேன்." அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. போனை அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் கறையைக் கிட்டப் பார்த்து ஏதோ கேட்டார். யார் வைத்தது என்று மொழிபெயர்த்தது செல்போன். இவர் விக்கி விக்கி அந்த வேண்டுதலைச் சொன்னார்.

அந்த அம்மாள் மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பிறகு செல்போன், தன் உணர்ச்சியில்லாத குரலில் சொன்னது: "துவைக்க வேண்டாம். குழந்தை பிறந்ததும் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை உடுப்பு அங்கேயே இருக்கட்டும்."

பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அத்தனை கூட்டத்தில் அந்தப் பெண்மணியை எங்கே பிடிப்பது? டெய்லர் அசரவில்லை. அமாவாசை தவறாமல் உடுப்போடு போனார். "இது சாமி அல்ல" என்று எழுதிய அட்டையையும் பக்கத்தில் வைத்தார். அதற்கும் சிலர் கற்பூரம் காட்டினார்கள்.

ஓராண்டு ஓடி, எனக்கு வேறு ஊருக்கு மாற்றலும் ஆகிவிட்டது. ஒரு அமாவாசை மத்தியானம், கவுண்டரில் கூட்டம் நெரிகிறபோது போன் வந்தது.

"சார்! குங்குமம் அப்புன அந்தம்மாவே என்னப் புடிச்சிட்டாங்க சார்! இங்க பக்கத்துல அனந்தபுரமாம். நேர்த்திக்கடன் செலுத்த பல்கேரியா அம்மன் கோயில் எங்க இருக்குதுன்னு ரெண்டு மாசமாத் தேடுறாங்களாம்!"

"கொழந்த?"

"பொம்பளப் புள்ள சார்! என் கையிலதான் இருக்குது. இந்தா, நீயே பேசு கண்ணு…"

மறுமுனையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் செலானை ஆட்டி, "சார், எவ்ளோ நேரம்?" என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் மறுமுனையில் அந்தக் குட்டி மனுஷி பேசி முடிக்கிற வரைக்கும் போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை.